சுவிஸில் இருக்கும் கணவருக்கு யாழ்ப்பாண நீதிமன்றத்தின் அழைப்பாணை எப்படிப் போகும்?

வணக்கம் தம்பி. மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தங்கச்சியின் கலியாணம் கோப்பாயில் பதிவானது. மாப்பிள்ளை சுவிஸ் போனார், கூப்பிடுவேன் என்றார், ஆறு வருடமாகக் கதை பேச்சு இல்லை. ஒரு மகள் தங்கச்சியோடு இங்கே இருக்கிறாள். இங்கே விவாகரத்து வழக்குப் போட்டால் அவருக்குத் தபாலில் அழைப்பாணை அனுப்பினால் போதுமா என்று கேட்கிறீர்கள். அவர் அங்கேயே விவாகரத்து எடுத்துவிட்டார் என்று ஒரு கதை அடிபடுகிறது, அது உண்மையென்றால் இங்கே செல்லுமா? சீதனக் காணியை விற்க அவருடைய கையெழுத்து வேண்டும் என்று நொத்தாரிசு சொல்கிறார். பிள்ளைக்குத் தாபரிப்புப் பணம் எடுக்க வழி உண்டா?

நான் இருபது வருடத்துக்கு மேலாக யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாக இருக்கிறேன். இந்த வகை வழக்கு மாதத்துக்கு ஒன்றாவது மேசைக்கு வருகிறது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தபால் விஷயம் முதலில். போதாது. போதாது என்பதோடு நிற்காது, ஆபத்தும் உண்டு. நமக்கு அழைப்பாணை என்பது ஒரு கடதாசி. சுவிஸ்காரருக்கு அது இன்னொரு அரசு தன் அதிகாரத்தைக் காட்டும் செயல். தங்கள் மண்ணில் அனுமதியில்லாமல் வேறு நாட்டு அரசுக்குரிய வேலையைச் செய்வது சுவிஸ் தண்டனைச் சட்டத்தின் 271ஆம் உறுப்புரைப்படி குற்றம். நீதிமன்றக் கடிதத்தைத் தெரிந்த ஆள் ஒருவரிடம் கொடுத்து நேரில் கொடுக்கச் சொல்வதும் இதற்குள் வரலாம். வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பி, நீல நிற 'சரி' இரண்டு விழுந்துவிட்டது என்று காட்டுவார்கள். அது அவருக்கு விஷயம் தெரியும் என்பதற்கு உதவலாம், அழைப்பாணை சேர்ப்பித்ததாகக் கணக்கில் வராது.

முறையான பாதை ஒன்று இருக்கிறது. 1965 நவம்பர் 15ஆம் திகதிய ஹேக் சமவாயம், அதாவது நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தம், நீதிமன்ற ஆவணங்களை வெளிநாட்டில் சேர்ப்பிப்பது பற்றியது. சுவிஸ் அதில் இருக்கிறது. இலங்கை 2000இல் சேர்ந்தது, 2001 ஜூன் மாதத்திலிருந்து நமக்கு நடைமுறையில் இருக்கிறது. சிவில், வர்த்தக விடயங்களில் பரஸ்பர உதவிக்கான 2000ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் அதற்கு உள்நாட்டில் உயிர் கொடுத்தது. ஒவ்வொரு நாடும் ஒரு மத்திய அதிகாரியை வைத்துக்கொள்ளும். நமக்கு அது கொழும்பில் நீதி அமைச்சு. சுவிஸில் ஒவ்வொரு கன்ரோனுக்கும் (அங்கத்தை மாநிலம்) தனித்தனியாக உண்டு. உங்கள் சட்டத்தரணி மாவட்ட நீதிமன்றத்தில் வெளிநாட்டில் சேர்ப்பிக்க அனுமதி கேட்பார். கட்டளை கிடைத்ததும் வேண்டுகோள் படிவம், வழக்குரை, அழைப்பாணை எல்லாம் இரண்டு பிரதியாக அமைச்சுக்குப் போகும். அமைச்சு அவர் வசிக்கும் கன்ரோனுக்கு அனுப்பும். அங்கே தங்கள் முறைப்படி அவர் கையில் கொடுத்து, கொடுத்த நாள், இடம், விதம் எழுதிய சான்றிதழைத் திருப்பி அனுப்புவார்கள். அந்தச் சான்றிதழ் வழக்குக் கோவையில் ஏறினால்தான் நீதிபதி அடுத்த கட்டத்துக்குப் போவார்.

அந்த நாட்டவர்கள் இந்த வேண்டுகோளை இலகுவில் மறுக்க முடியாது. தங்கள் இறைமைக்கோ பாதுகாப்புக்கோ கேடு என்றால் மட்டும் மறுக்கலாம் என்று அந்தச் சமவாயத்தின் 13ஆம் உறுப்புரை சொல்கிறது. இந்த வழக்கை விசாரிக்கும் உரிமை எங்களுக்குத்தான் என்று சொல்லிக்கூட மறுக்க முடியாது. யாழ்ப்பாணத்து மாவட்ட நீதிமன்றம் ஒன்றின் கடதாசியை சூரிச்சில் ஒரு அரச அலுவலர் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு மரியாதை வருகிறது. பிற நாட்டு நீதிமன்றத்தின் செயலை இணக்கத்தோடு மதிக்க வேண்டும் என்ற எண்ணத்தை 1689இல் ஊல்ரிக் ஹூபர் என்ற ஒல்லாந்துச் சட்ட அறிஞர் எழுதினார். 1707இல் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான நம் தேசவழமையைத் தொகுத்துக் கொடுத்த கிளாஸ் ஐசாக்ஸும் ஒல்லாந்தர். இந்த மாதிரிச் சமவாயங்களை உருவாக்கும் ஹேக் மாநாட்டை 1893இல் கூட்டிய தோபியாஸ் அஸரும் ஒல்லாந்தர், அவருக்கு 1911இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. தங்கச்சியின் வழக்கில் இந்த மூன்று பேருடைய வேலையும் ஒன்றாக வந்து நிற்கிறது.

சரி, பாதை இருக்கிறது, பின் ஏன் இத்தனை வழக்குகள் இழுபடுகின்றன? என் அனுபவத்தில் பெயரும் முகவரியும் மொழிபெயர்ப்பும்தான் காரணம்.

சில வருடங்களுக்கு முன்பு என்னிடம் வந்த வழக்கு ஒன்று. விவாகப் பதிவில் மாப்பிள்ளையின் பெயர் நம் வழக்கப்படி முதலில் தகப்பன் பெயர், பிறகு சொந்தப் பெயர். அங்கே போன இடத்தில் இரண்டும் மாறிப் பதிவாகி, எழுத்துக்கூட்டும் டொச்சு (ஜேர்மன் மொழி) வாய்க்கு ஏற்றபடி மாறிவிட்டது. நாங்கள் விவாகப் பதிவில் உள்ளபடியே பெயரை எழுதி, தெருவின் பெயரும் ஊரும் போட்டு அனுப்பினோம். கதவிலக்கம் இல்லை. எட்டு மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது. தடித்த உறை, உள்ளே நாங்கள் அனுப்பிய கட்டு அப்படியே, நூல்கூட அவிழவில்லை. 'சேர்ப்பிக்கப்படவில்லை' என்ற கட்டத்தில் ஒரு குறி, கீழே ஒரே ஒரு வரி: இந்த முகவரியில் இந்தப் பெயரில் ஆள் இல்லை. ஆள் அந்தத் தெருவில்தான் இருந்தார். அந்தப் பிள்ளை என் மேசைக்கு முன்னால் இருந்து அந்த வரியைத் திருப்பித் திருப்பி வாசித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மறுபடி தொடக்கத்திலிருந்து செய்தோம்.

அதனால் நான் இப்போது முதல் நாளே கேட்பது, அவர் அனுப்பிய ஏதாவது ஒரு பொருள். பணம் அனுப்பிய துண்டு, பார்சல் உறை, வதிவிட அனுமதி அட்டையின் படம், எதுவானாலும் சரி. அதில் இருக்கும் எழுத்துக்கூட்டையும் விவாகப் பதிவில் இருக்கும் பெயரையும் இரண்டையும் சேர்த்து, இவரே அவர் என்று வழக்குரையில் எழுதிவிட வேண்டும். கதவிலக்கமும் தபால் குறியீடும் கட்டாயம்.

மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை, சூரிச் என்றால் டொச்சு, ஜெனீவா என்றால் பிரெஞ்சு, லுகானோ என்றால் இத்தாலியன். அவர் விரும்பி வாங்கினால் மொழிபெயர்ப்பு இல்லாமலும் கொடுக்கலாம், ஆனால் வாங்க மாட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் கட்டு திரும்பி வரும். நம் வழக்குரை தமிழில். தமிழிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து டொச்சு என்று இரண்டு கை மாறும்போது கருத்து தேய்ந்துவிடுகிறது. 'சீதனம்' என்பது கலியாணப் பரிசு என்று போனதை நான் பார்த்திருக்கிறேன். பரிசு என்றால் யார் யாருக்குக் கொடுத்தது, யாருடைய சொத்து என்று முழுக் கதையும் மாறிவிடும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது சீதனம், முதிசம் (பரம்பரையாக வந்த சொத்து), தேடிய தேட்டம் (கலியாண காலத்தில் சம்பாதித்த சொத்து) ஆகிய சொற்களை அப்படியே வைத்து, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் எழுதச் சொல்லுங்கள்.

இந்த அலைச்சலைக் கேட்டதும் யாராவது ஒருவர் உங்களுக்குக் குறுக்குவழி சொல்லுவார். 'முகவரி தெரியாது என்று ஒரு சத்தியக் கடதாசி போடுங்கோ, பேப்பரில விளம்பரம் போட்டால் முடிஞ்சுது' என்பார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உண்மையிலேயே முகவரி தெரியாவிட்டால் ஹேக் சமவாயம் பொருந்தாது, அப்போது நேரில் கொடுப்பதற்குப் பதிலாக வேறு வழியில் அறிவிக்கும் பதிலீட்டு முறையை நீதிமன்றத்திடம் கேட்பது சரியான வழி. ஆனால் போன பொங்கலுக்கு அவருடைய தமக்கையிடம் முகவரி வாங்கி வைத்துக்கொண்டு, தெரியாது என்று சத்தியம் செய்வது வேறு. தீர்ப்பாணை சுகமாகக் கிடைக்கும். பிறகு தங்கச்சி மறுமணம் செய்து, புதிய கணவர் அவளை வெளிநாட்டுக்குக் கூப்பிட விண்ணப்பிக்கும்போது பழைய வழக்குக் கோவையைத் தோண்டுவார்கள். முறையாக அழைக்கப்படாத ஒருவருக்கு எதிரான தீர்ப்பை ஏற்க மறுக்கலாம் என்று 1987ஆம் ஆண்டின் சுவிஸ் சர்வதேசத் தனியார் சட்டம் 27ஆம் உறுப்புரையில் சொல்கிறது. மற்ற நாடுகளிலும் பெரும்பாலும் இதே விதிதான். பழைய கணவரே இங்கே வந்து தீர்ப்பாணையை உடைக்கவும் முடியும். இரண்டாம் கலியாணம் அந்தரத்தில் தொங்கும். மறுமணம் செய்து குழந்தையும் பிறந்த பிறகு இப்படி மாட்டிக்கொண்ட பெண்களின் கோவைகள் என் அலுமாரியில் இருக்கின்றன.

அழைப்பாணை முறையாகச் சேர்ந்தும் அவர் வராவிட்டால் ஒருதலைப்பட்ச விசாரணை நடக்கும். இலங்கையில் விவாகரத்துக்கு இன்னும் குற்றம் காட்ட வேண்டும். பிறர்மனை சேர்தல், கெட்ட எண்ணத்துடன் கைவிட்டுப் போதல், கலியாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு ஆகிய மூன்றுதான் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் உள்ளவை. தங்கச்சிக்கு இரண்டாவது பொருந்தும். முதலில் இடைக்காலத் தீர்ப்பாணை, மூன்று மாதம் கழித்து முடிவான தீர்ப்பாணை. பலர் மறக்கிற ஒன்று: ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையின் பிரதியும் எதிராளிக்குச் சேர வேண்டும், சேர்ந்த பிறகு அவருக்கு ஆட்சேபிக்க 14 நாள் உண்டு. அதாவது கடதாசி சுவிஸுக்கு இரண்டு தரம் போகிறது. இரண்டாம் தரத்துக்கான மொழிபெயர்ப்புச் செலவையும் இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

சான்றிதழ் வரவே இல்லை என்றால்? அதற்கும் ஹேக் சமவாயத்தின் 15ஆம் உறுப்புரையில் இடம் வைத்திருக்கிறார்கள். முறையான வழியில் அனுப்பி, ஆறு மாதத்துக்குக் குறையாத காலம் போய், எல்லா முயற்சியும் செய்தும் சான்றிதழ் கிடைக்காவிட்டால் நீதிபதி தீர்ப்பளிக்கலாம். நினைவூட்டல் கடிதங்களின் பிரதிகளைக் கோவையில் சேர்த்துக்கொண்டே வந்தால்தான் அந்தக் கட்டத்தில் கைகொடுக்கும்.

இனி அவர் அங்கே விவாகரத்து எடுத்துவிட்டார் என்ற கதை. நடந்திருக்க இடமுண்டு. சுவிஸ் சட்டத்தில் இரண்டு வருடம் பிரிந்திருந்தால் ஒருவர் தனியாகவே விவாகரத்துக் கேட்கலாம், மற்றவரின் குற்றம் காட்டத் தேவையில்லை. அங்கே ஒரு வருடமாவது வசித்திருந்தால் வழக்கை அங்கேயே போடலாம். ஆனால் தங்கச்சிக்கு அறிவித்தல் வந்திருக்க வேண்டும். இலங்கையும் தபால் வழியை ஏற்காத நாடு, ஆகவே அந்த நீதிமன்றம் நீதி அமைச்சு ஊடாகத்தான் அனுப்பியிருக்க வேண்டும்.

இங்கே நம் வீடுகளில் நடப்பது எனக்குத் தெரியும். நீதிமன்றக் கடதாசி கொண்டுவரும் பிஸ்கால் மோட்டார் சைக்கிளை மதிலோரம் நிறுத்திவிட்டு ஆளின் பெயரைக் கூப்பிடுவார். உள்ளே மகள் நிற்க, தாய் படலையைத் திறக்காமலே 'பிள்ளை கொழும்புக்குப் போயிட்டாள்' என்பார். கடதாசியை வாங்கினால் விவாகரத்துக்குச் சம்மதித்ததாகிவிடும் என்ற பயம். அப்படி ஆகாது. வாங்கிக் கையெழுத்து வைப்பது கிடைத்தது என்பதற்கு மட்டும்தான். வாங்காமல் விட்டால் வழக்கு நிற்காது, நமக்குத் தெரியாமலே நடந்து முடியும். வாங்குங்கள், உறையின் மேல் திகதியை எழுதுங்கள், அன்றைக்கே ஒருவரிடம் காட்டுங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: ஆலோசனை இல்லாமல் அந்த நீதிமன்றத்துக்கு நீங்களாகப் பதில் எழுதி வழக்காட இறங்கினால், அதன் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டதாக எடுக்கப்படலாம்.

அறிவித்தலே வராமல் எடுத்த தீர்ப்பு என்றால் இங்கே அதை எதிர்க்க நல்ல காரணம் இருக்கிறது. முறையாக எடுத்த தீர்ப்பு என்றால், 2024இல் வந்த வெளிநாட்டுத் தீர்ப்புகளை ஏற்றுப் பதிவுசெய்து நிறைவேற்றும் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அதுவரை 1921, 1937ஆம் ஆண்டுகளின் பிரித்தானியர் காலக் கட்டளைச் சட்டங்களை வைத்துத்தான் சமாளித்தோம். புதியது விவாகரத்துத் தீர்ப்புகளையும் எடுத்துக்கொள்கிறது. எந்தெந்த நாட்டுக்குப் பொருந்தும் என்பதை வர்த்தமானியைப் பார்த்துத்தான் சொல்லலாம், உங்கள் சட்டத்தரணி முதலில் அதைப் பார்க்கட்டும்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தில் அநேகருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். சுவிஸில் வேலை செய்பவரின் சம்பளத்தில் பென்சன் காசு கழித்து நிதியம் ஒன்றில் சேர்ப்பார்கள். கலியாண காலத்தில் சேர்ந்த பங்கு விவாகரத்தின்போது பொதுவாகப் பாதி பாதியாகப் பிரிக்கப்படும். மனைவி ஒரு நாளும் சுவிஸுக்குப் போகாவிட்டாலும் உரிமை உண்டு. ஆனால் 2017 முதல் அதைப் பிரிக்கும் அதிகாரம் சுவிஸ் நீதிமன்றத்துக்கு மட்டும்தான். நம் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பாணை அந்தக் காசைத் தொடாது. மாப்பிள்ளை ஆறு வருடம் ஒழுங்காக வேலை செய்திருந்தால் இது சின்னத் தொகையாக இராது. இங்கே விவாகரத்து எடுத்தாலும், பிறகு அங்கே அந்தப் பங்குக்காக மட்டும் கேட்கலாம். வசதியில்லாதவருக்கு அங்கே இலவச சட்ட உதவியும் உண்டு. தங்கச்சி கோபத்தில் 'அவற்ற காசு எனக்கு வேண்டாம்' என்று எதிலும் கையெழுத்து வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மகளுடைய படிப்பு இருக்கிறது.

காணிக்கு வருகிறேன். நொத்தாரிசு சொன்னது சரி. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, சீதனமாக வந்த தன் சொந்தக் காணியைக்கூட உயிரோடிருக்கையில் விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அது. ஒரு பெண்ணின் காணிக்கு, அவளைக் கைவிட்டுப் போனவரின் கையெழுத்தைக் கேட்பது அநியாயம் என்பதை நான் நீதிமன்றத்திலும் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். ஆனால் அதே சட்டத்தின் 8ஆம் பிரிவில் கதவு உண்டு. கணவர் கைவிட்டுவிட்டார், அல்லது இருக்கும் இடம் தெரியாது, அல்லது நியாயமில்லாமல் சம்மதம் மறுக்கிறார் என்று காட்டினால் மாவட்ட நீதிமன்றமே அவருக்குப் பதிலாக அனுமதி கொடுக்கலாம். விவாகரத்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அவர் இணங்கினால் இன்னும் சுலபம்: அங்கேயுள்ள இலங்கைத் தூதரக அலுவலகத்தில் சம்மதத்தையோ, தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தையோ கையெழுத்திட்டு அனுப்பலாம். சுவிஸ் நீதிமன்றம் இந்தக் காணி யாருக்கு என்று தீர்ப்பெழுத முடியாது. நிலம் எங்கே கிடக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் நிலத்துக்கு.

தாபரிப்புக்கு 1956ஆம் ஆண்டின் நியூயோர்க் சமவாயம். இலங்கை 1958இலிருந்தே அதில் இருக்கிறது, சுவிஸும் இருக்கிறது. இங்கிருந்து விண்ணப்பம் போனால் அங்கேயுள்ள அதிகாரிகள் மகளின் சார்பில் அறவிட முயல்வார்கள். இவ்வளவு பழைய, இவ்வளவு பயனுள்ள கருவியை நம் பகுதியில் மிகக் குறைவாகப் பயன்படுத்துகிறோம். பிறப்பத்தாட்சி, விவாகப் பதிவு, பள்ளிக்கூடச் செலவுத் துண்டுகள், தங்கச்சியின் வருமானம் பற்றிய கிராம அலுவலர் கடிதம் ஆகியவற்றைச் சேர்க்கத் தொடங்குங்கள். வெளிநாட்டுக்குப் போகும் ஆவணங்களை உறுதிப்படுத்தக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, யாழ்ப்பாணம் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகம்) கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் கேளுங்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒரு சொல். நாடு மாறினால் பாதையும் மாறும். ஜேர்மனி, நோர்வே, இந்தியா மூன்றும் சுவிஸைப்போலவே தபால் வழியை ஏற்காதவை. கனடா, பிரான்ஸ், பிரித்தானியா அதை ஆட்சேபிக்கவில்லை, ஆனாலும் மத்திய அதிகாரி வழிதான் பிறகு கேள்வி வராத வழி. கனடா 1965 சமவாயத்தில் இருக்கிறது, சாட்சியம் எடுப்பதற்கான 1970 சமவாயத்தில் இல்லை, 1956 தாபரிப்புச் சமவாயத்திலும் இல்லை. ஆகவே ரொறன்ரோவில் இருப்பவரைப் பற்றி நான் மேலே எழுதியதை அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள்.

தம்பி, இந்தக் கிழமையே ஒரு வேலை செய்யுங்கள். மாப்பிள்ளை முதல் வருடம் மகளுக்கு உடுப்பு அனுப்பினார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பார்சல் உறை வீட்டில் எங்கேயாவது கிடக்கிறதா என்று தங்கச்சியிடம் கேளுங்கள். கிடைத்தால் கிழிக்காமல், அனுப்பியவர் பெயர் இருக்கும் பக்கம் தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் கோவையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.